இரண்டாவது கேள்வி

"உங்க பிள்ளைக்கு என்ன நட்டீங்க?"

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்கும் முதல் கேள்வி அந்தக் காலத்தில் இதுதான். எந்த ஊர், எந்தத் தெரு என்று சுற்றி வளைத்து விசாரிப்பதெல்லாம் அதற்கப்புறம். கணக்கு என்றால் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். மருத்துவம் என்றால் வயிற்றெரிச்சலை மறைத்துக்கொண்டு வாழ்த்துவார்கள். வரலாறு என்று யாராவது சொன்னால், முன்பெல்லாம், "அடப்பாவமே" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

நடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு துறையில் ஊறிப்போன ஆளை நாற்றகத்துக்கு அழைத்துவந்து, வேர்காணி என்ற கவசத்தைத் தலையில் மாட்டுவார்கள். அவருக்கு அந்த ஆசை முதன்முதலில் எந்தக் கணத்தில் பற்றிக்கொண்டது என்று அது நினைவுக்குள் இறங்கித் தேடும். கணம் அகப்பட்டதும் திரையில் மஞ்சளாக ஒரு சுடர் எழும். அந்தச் சுடர்தான் நாற்று. அதை எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுத்து, பத்து வயதுப் பிள்ளையின் காதுக்குப் பின்னால் நடுகோலை வைத்து ஒரு சொடுக்குச் சொடுக்கினால் வேலை முடிந்தது. எறும்பு கடித்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மறுநாள் காலை பிள்ளை தானாக எழுந்து புத்தகத்தைத் தேடும். கொடுத்தவருடைய நினைவுக்காட்சி எதுவும் பிள்ளைக்குப் போகாது, பற்று மட்டும்தான் போகும். அந்தப் பற்று எங்கே துள்ளும், எங்கே சுருங்கும் என்பதும் கூடவே போகும் என்பதை நாற்றகத்தின் விளம்பரத்தில் யாரும் போடவில்லை.

வரலாற்றுக்கு நாற்றுக் கொடுத்தவள் தாமரைச்செல்வி. கடலோர அருங்காட்சியகத்தில் உலோகப் பிரிவில் வேலை பார்த்தவள். துருப்பிடித்த வாளையும் தேய்ந்த காசையும் குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரிக் குளிப்பாட்டிப் பேசவைப்பவள் என்று அவளுக்கு நல்ல பெயர். அரசாங்கத்துக்கு அப்போது ஒரு நெருக்கடி. கடலோரத்தில் ஊர் ஊராகக் காலிசெய்து சுவரும் துறைமுகமும் கட்டி முடித்திருந்தார்கள். எங்கள் ஊர் எங்கே, எங்கள் ஆள் எங்கே என்று கேட்டு ஜனங்கள் மனுவோடு நின்றார்கள். சரி, கடந்த காலத்தைப் பற்றி யார் வந்து கேட்டாலும் பொறுமையாக விளக்கிச் சொல்ல ஒரு நிலையம் வைப்போம் என்று அறிவித்தார்கள். வைத்தார்கள். உட்காரத்தான் ஆள் இல்லை. அதனால்தான் தாமரைச்செல்வியைத் தேடி வந்தார்கள்.

அன்று நட்ட பிள்ளைகள் இன்று வளர்ந்து வேலைக்கு வந்துவிட்டார்கள். நிலையத்தின் கிளைகள் கடற்கரை நெடுக இருந்தன. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாமரைச்செல்விக்குத் தலைமை நிலையத்தில் ஒரு அறையும், மதிப்புறு தலைவர் என்று ஒரு பட்டமும் கொடுத்திருந்தார்கள். வேலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வருடந்தோறும் ஒரு சொற்பொழிவு. சொற்பொழிவும் எப்போதும் ஒன்றேதான்.

"எனக்கு ஏழு வயசு. சாப்பிட உக்காந்திருக்கேன். முன்னால ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி. நம்ம வீடுகள்ல பாத்திரத்துல பேர் வெட்டுவோம் இல்லையா, கல்யாணம், காதுகுத்து, சடங்குன்னு? அந்தச் சட்டியிலயும் வெட்டியிருந்தது. ஆனா பேர் இருந்த இடத்தை யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு அழிச்சிருந்தாங்க. 'இது யார் பேருப்பா?'ன்னு கேட்டேன். யாரும் பதில் சொல்லல. அந்தக் கேள்வியத் தூக்கிக்கிட்டுத்தான் நான் வரலாற்றுக்குள்ள வந்தேன்."

பிள்ளைகள் கண்கலங்கிக் கைதட்டுவார்கள். அது யார் பெயர் என்று கடைசியில் கண்டுபிடித்தீர்களா என்று எவரும் கேட்டதில்லை. அவளுக்கும் அது விசித்திரமாகப் பட்டதில்லை.

ஒரு நாள் முற்பகல் நிலையத்தின் முன்கூடத்தில் ஒரே கூச்சல். தாமரைச்செல்வி எட்டிப் பார்த்தாள். நரைத்த தலையும் உப்பில் வெடித்த பாதங்களுமாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். காவலாளி கையைப் பிடிக்க, அவள் உதறினாள்.

"நீங்கதானம்மா இங்க பெரியவுக?" என்று நேராகத் தாமரைச்செல்வியிடம் வந்தாள். "எம் பேரு சுடலைவடிவு. கோட்டைமணல் உப்பளக் குடியிருப்பு. இப்ப அந்த ஊரு இல்ல, சுவருதான் நிக்கி. நானும் நடையா நடக்கேன். எம் மவன் எங்கன்னு கேட்டா பாண்டிய ராசா உப்புக்கு வரி போட்ட கதையச் சொல்லுதாவ!"

"உள்ள வாங்க, உக்காருங்க."

"உக்காரத்தான் சொல்லுதாவ எல்லாரும். ஒவ்வொண்ணும் தங்கமான புள்ள, கொற சொல்ல மாட்டேன். தண்ணி குடுத்து, கண்ணு கலங்க கேக்குதுவ. கடேசில எங்க ஊரு ஆயிரம் வருசத்துக்கு முன்ன எப்படி இருந்துச்சுன்னு ஒரு பொஸ்தகத்தக் கையில குடுத்து அனுப்புதுவ. ஆயிரம் வருசம் எனக்கு என்னத்துக்கும்மா? எனக்கு வேண்டியது ஒரே ஒரு நாளு."

அந்த நாள் எது என்று தாமரைச்செல்விக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். கோட்டைமணலில் இயந்திரங்கள் வந்த நாள். ஜனங்கள் குறுக்கே படுத்தார்கள், காவல்படை சுட்டது. செத்தவர்கள் என்று ஒரு சின்னப் பட்டியல் வந்தது. பட்டியலில் இல்லாமல் காணாமல் போனவர்கள் வேலை தேடி வடக்கே போய்விட்டதாக அறிவித்தார்கள். சுடலைவடிவின் மகன் இசக்கிராஜ் அப்படி 'வடக்கே போனவர்களில்' ஒருவன்.

"அவன் எங்கயும் போவ மாட்டான். கையில எம் பேரப் பச்சை குத்திக்கிட்ட பய. எனக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாம். வருசா வருசம் ஆடி அமாவாசை வருது. செத்தவனுக்குத் திதி குடுக்கணுமா, இருக்கவனுக்குச் சோறு எடுத்து வைக்கணுமா? எத செஞ்சாலும் மத்தது குத்தமாப் போவுது. அத மட்டும் கேட்டுச் சொல்லுங்கம்மா."

தாமரைச்செல்விக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. சுடலைவடிவின் மனுவைப் பார்த்த இனியன் என்ற இளைஞனைக் கூப்பிட்டாள். அவளுடைய நாற்றில் வளர்ந்தவன். சூட்டிகையான பையன், நல்ல மனசு.

"கோட்டைமணல் ஆவணக் கட்டைத் திறந்து பார்த்தியா?"

"பார்த்தேன் மேடம். அருமையான கட்டு!" அவன் முகம் மலர்ந்தது. "கோட்டையே இல்லாத ஊருக்குக் கோட்டைமணல்னு பேர் ஏன் வந்ததுங்கறதுக்கு அதுல ஒரு பழைய வரைபடம் இருக்கு..."

"அந்த நாளோட பக்கங்கள் இருக்குமே? பிணவறைக் குறிப்புகள்?"

"இருக்கு மேடம். அதுல..." அவன் கொஞ்சம் தடுமாறினான். "அதுல சுவாரசியமா ஒண்ணும் இல்ல." சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டான். நீளமான, அப்பாவிக் கொட்டாவி.

"வெக்கமா இல்லையா உனக்கு? ஒரு தாய் வெளிய உக்காந்து அழறா."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு மேடம். அவங்களுக்காக நான் ஒரு புத்தகமே எழுதினேனே" என்றான். அவன் நடிக்கவில்லை. அதுதான் அவளைக் கலக்கியது.

வேறு நாலைந்து பேரைக் கூப்பிட்டு விசாரித்தாள். எல்லாரும் அதே கட்டைப் பிரித்திருந்தார்கள், எல்லாரும் அந்தப் பக்கங்களைத் தாண்டியிருந்தார்கள். ஒளித்து வைத்த ஆவணமும் இல்லை அது. யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். பூட்டே போடவில்லை, தேவைப்படவில்லை. சரியான சோம்பேறிக் கூட்டம் என்று திட்டிவிட்டு, கட்டைத் தன் மேசைக்குக் கொண்டுவரச் சொன்னாள். உலகமே ஒதுங்கினாலும் தான் ஒதுங்குகிற ஆளா என்று ஒரு வீறாப்பு.

பிணவறைப் பக்கத்தைப் பிரித்தாள். மேலே ஒரு முத்திரை குத்தியிருந்தது. பழைய அச்சு, ஓரத்தில் ஒரு எழுத்து உடைந்திருந்தது. அடடே, இந்த அச்சு எந்தக் காலத்தது? இந்த மாவட்டத்தில் இப்படி வட்டத்துக்குள் வட்டம் போட்ட முத்திரை எப்போது வழக்கத்துக்கு வந்தது? குறிப்பெடுத்தாள். உடைந்த எழுத்தை வரைந்து பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது. நிமிர்ந்தபோது தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது. கையில் ஒரு பக்கம் நிறைய முத்திரையைப் பற்றிய குறிப்பு. பிணவறைப் பக்கத்திலிருந்து ஒரு பெயர்கூட அவள் மனதில் இல்லை.

திரும்பப் படிக்கக் குனிந்தாள். கொட்டாவி வந்தது. அது தன் கொட்டாவி இல்லை, இனியனுடையது என்று ஒரு கணம் தோன்றியது. இல்லை, அவனுடையதே தன்னிடமிருந்து போனதுதான். அவள் கட்டை மூடினாள்.

அன்று மாலையே நாற்றகத்துக்குப் போனாள். தலைவர் இளம்பரிதி எழுந்து நின்று வரவேற்றார். சாந்தமான மனிதர். கோபமே வராது என்பார்கள்.

"என் நாற்றைப் பார்க்கணும்."

"எதுக்கு மேடம் இப்போ? பழசெல்லாம்..."

"பழசு பார்க்கறதுதான் சார் என் தொழில். போடுங்க."

நாற்றுக் கொடுத்த அன்று அவளுக்கு அவர்கள் காட்சியைக் காட்டவில்லை. வெற்றிகரமாக எடுத்தாயிற்று என்று சொல்லி மாலை போட்டு அனுப்பினார்கள். எந்தக் கணம் என்று அவளும் கேட்கவில்லை. தெரிந்த கணம்தானே!

திரையில் அவளுடைய பழைய வீடு தெரிந்தது. அடுக்களைத் தரை, மூன்று தட்டு. அம்மா குழம்பு ஊற்ற வருகிறாள். சிறுமி தூக்குச்சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். "இது யார் பேருப்பா?"

அம்மாவின் கரண்டி அப்படியே நிற்கிறது. அப்பாவின் கை சோற்றில் நிற்கிறது. அவர் மெல்லத் தலையைத் தூக்கி மகளைப் பார்க்கிறார். அந்தப் பார்வையைத் தாமரைச்செல்வி மறந்தே போயிருந்தாள். அறுபது வயதில், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது.

சுடர் எழவில்லை. திரை ஓரங்களிலிருந்து கருநீலமாகச் சுருங்கியது.

"இது என்ன?"

"அச்சம், மேடம்" என்றார் இளம்பரிதி, வானிலை சொல்வது போல.

சிறுமி அப்பாவின் முகத்தையே பார்க்கிறாள். பிறகு சட்டியைக் கவிழ்க்கிறாள். அடியில் பட்டறை முத்திரை. சின்னதாக ஒரு மயில். எச்சில் விழுங்கிக்கொண்டு கேட்கிறாள். "இது எந்த ஊர்ல செஞ்சதுப்பா?"

அப்பாவின் முகம் இளகுகிறது. தோள் இறங்குகிறது. "இதுவா? இது கும்பகோணத்துப் பட்டறைடா கண்ணு. அந்தக் காலத்துல அங்கேருந்துதான்..." என்று ஆரம்பிக்கிறார். அம்மாவின் கரண்டி மறுபடி அசைகிறது. அப்பா அவளை மடியில் இழுத்து உட்காரவைத்து, பித்தளைக் காலம், வெண்கலக் காலம் என்று சொல்லிக்கொண்டே போகிறார். சிரிக்கிறார். அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் எழுந்தது சுடர். மஞ்சளாக, திரை முழுக்க.

இத்தனை வருடமாக மேடையில் சொன்னதெல்லாம் பொய்யா? பொய்யில்லை, பாதி. கேள்வி கேட்டுத்தான் வரலாற்றுக்கு வந்தாள். ஆனால் அந்தக் கேள்வி இல்லை. அந்தக் கேள்வியிலிருந்து ஓடி ஒளிந்த இடத்துக்குத்தான் வரலாறு என்று பேர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியும்" என்றார் அவர். "முதல் கேள்வியிலயும் எடுத்துப் பார்த்தோம், நிக்கல. இது நல்லா நின்னுச்சு. அரசாங்கத்துக்கும் ரொம்பத் திருப்தி. இத்தனை வருஷத்துல எந்த வரலாற்றாளர் மேலயும் ஒரு புகார் வந்ததில்ல மேடம். எல்லாரும் சமத்து."

"ஒரு அம்மா வாரந்தோறும் வர்றாங்க."

"அவங்களும் கருத்துரையில 'அன்பா நடத்துனாங்க'ன்னுதானே சொல்லியிருக்காங்க?"

அவரை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது. ஆனால் அவளுக்குத் தன்மேல்தான் அதைவிட ஆத்திரம். அந்தச் சட்டி எங்கோ தொலைந்து போய்விடவில்லையே! அப்பாவும் அம்மாவும் போனபின் மற்ற சாமான்களோடு அவளிடம்தான் வந்தது. அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில், புளி போட்டு வைத்திருக்கிறாள்.

தேய்த்து அழித்த எழுத்தை மீட்பது அவளுக்கு அன்றாட வேலை. எழுத்து வெட்டும்போது உளியின் அடி மேல்தோலோடு நிற்காது, கீழே இருக்கும் உலோகமும் நசுங்கும். மேலே எவ்வளவு தேய்த்தாலும் நசுங்கியது நசுங்கியபடியே கிடக்கும். பளபளப்பாக்கி அமிலத்தைத் தடவினால் அந்த இடம் மட்டும் வேறு நிறம் காட்டி எழுத்து மேலே வரும். யார் யார் வாளிலிருந்தோ, எந்தெந்த ராசாவின் காசிலிருந்தோ எத்தனை பெயர்களை இப்படி எழுப்பியிருக்கிறாள்! சொந்த வீட்டுச் சட்டியில் செய்து பார்க்க ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அடிப் பாவி, ஒரு தடவைகூடவா?

மறுநாள் புளியை வேறு டப்பாவில் கொட்டிவிட்டு, சட்டியைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு பழைய அருங்காட்சியகத்துக்குப் போனாள். பழகிய பட்டறை, பழகிய நெடி. அமிலத்தைத் தடவும்போது சட்டியின் விளிம்பு மடிப்பு எவ்வளவு நேர்த்தி என்று மனம் ரசிக்கக் கிளம்பியது. "வாயை மூடு" என்று சத்தமாகவே சொன்னாள். கண்ணை அந்த இடத்தை விட்டு எடுக்கவில்லை. நின்றாள்.

எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்தன. 'வெண்ணிலா. பூப்பு நீராட்டு விழா. அன்பளிப்பு, தாய்மாமன் சங்கரபாண்டி.'

சங்கரபாண்டி அவளுடைய தாய்மாமன். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். அவர் இன்னொரு பெண்ணுக்குத் தாய்மாமன் சீர் செய்திருக்கிறார் என்றால், அந்தப் பெண் அவள் அம்மா பெற்ற பெண்.

ஒற்றைப் பிள்ளை என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் தாமரைச்செல்வி. ஆனால் விரல்கள் நினைவிருந்தன. தலையை வகிடெடுத்து, இழுக்காமல், வலிக்காமல் பின்னிவிடும் மெலிந்த விரல்கள். அம்மாவின் விரல்கள் தடித்தவை. அம்மா பின்னினால் எப்போதும் வலிக்கும். இதை அவள் இத்தனை காலம் சேர்த்து வைத்துப் பார்த்ததே இல்லை.

மிச்சத்தைத் தேட அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை. பழைய செய்தித்தாள்களில் தேடத் தெரிந்தவள்தானே. அவளுக்கு நாலு வயதாக இருந்தபோது வந்த செய்தி. உள்பக்கத்தில், இரண்டே வரி. தீராத வயிற்றுவலியால் இளம்பெண் கிணற்றில் குதித்துத் தற்கொலை. கீழே அப்பாவின் பெயரும் தெருவின் பெயரும். அதே வாரத்துத் தாளில், பக்கத்து ஊர்க் காலனியிலிருந்து ஒரு இளைஞனைக் காணவில்லை என்று அவன் தாய் கொடுத்த அறிவிப்பு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரியாமலா வரலாறு படித்தாள்? அந்தக் காலத்துச் செய்தித்தாள்களில் எத்தனை பெண்களுக்கு வயிற்றுவலி! இளம்பெண்ணாகப் பார்த்து, வேறு சாதிப் பையனைப் பார்த்த பெண்ணாகப் பார்த்து வரும் வயிற்றுவலி.

பட்டறை மேசையில் தலையைச் சாய்த்து அவள் அழுதாள். அக்காவுக்காக அழுதாள், மடியில் உட்காரவைத்துக் கும்பகோணத்துக் கதை சொன்ன அப்பாவுக்காகவும் அழுகை வந்தது, அதற்காகத் தன்னைத் தானே வெறுத்து இன்னும் அழுதாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே நிலையத்துக்கு வந்து கோட்டைமணல் கட்டைப் பிரித்தாள். முத்திரை கண்ணில் பட்டது. அதைக் கையால் மூடிக்கொண்டு கீழே படித்தாள். கொட்டாவி வரவில்லை. பயம் வந்தது, பயத்தோடு படித்தாள். பட்டியலில் சேர்க்காத உடல்கள் தனியாக இருந்தன. அவற்றில் ஒன்று: 'அடையாளம் தெரியாத ஆண். வயது இருபதுக்குள். மார்பில் குண்டுக்காயம். வலது முன்கையில் பச்சை: சுடலைவடிவு. அரசுச் செலவில் அடக்கம்.'

பெற்றவள் பெயரைக் கையில் எழுதிக்கொண்டு கிடந்தவனை அடையாளம் தெரியாதவன் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவனுக்கு அது உறுத்தவில்லை. அதற்கப்புறம் அந்தப் பக்கத்தைப் புரட்டிய அத்தனை தங்கமான பிள்ளைகளுக்கும் உறுத்தவில்லை. அவளுக்கும்தான் நேற்று உறுத்தவில்லை.

சுடலைவடிவை வரச்சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு வாசித்துக் காட்டினாள். அந்தப் பெண் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. தன் பெயர் எழுதியிருந்த இடத்தைக் காட்டச் சொல்லி விரலால் தடவிப் பார்த்தாள்.

"அப்ப திதிதான்" என்றாள் கடைசியில். "சோறு எடுத்து வைக்க வேண்டாம்."

விரலை எடுக்காமலே, "இம்புட்டு நாளும் இது இங்கனதான் கெடந்துச்சாம்மா?" என்று கேட்டாள். தாமரைச்செல்வி ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

அந்த வாரம் புதிய பிள்ளைகள் வேலையில் சேரும் விழா. கடற்கரையில் எத்தனை கோட்டைமணல்கள், எத்தனை கட்டுகள் பிரித்தும் படிக்கப்படாமல் கிடக்கின்றன! அத்தனையையும் அவள் ஒருத்தி படித்துத் தீராது. இந்தப் பிள்ளைகள்தான் படிக்க வேண்டும். தனக்குள் உடைந்தது போல அவர்களுக்குள்ளும் ஒரு தடவை உடைந்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். சுடலைவடிவையும் கூட வரச்சொன்னாள்.

மேடையேறும் முன் இளம்பரிதியிடம் கேட்டாள். "என்கிட்ட புதுசா ஒரு நாற்று எடுத்துக்கோங்க. முதல் கேள்வியிலேருந்து. இப்ப நிக்கும்."

"எடுக்கலாம். நட அனுமதி கிடைக்காது" என்றார் அவர், உண்மையிலேயே வருத்தத்தோடு. "ஏற்கெனவே நட்டதைப் பிடுங்கவும் முடியாது மேடம். உங்களுக்காவது பயம் எங்கேருந்து வந்ததுன்னு தேடிப் போக ஒரு சட்டி இருந்துச்சு. அவங்களுக்கு எதுவும் இல்ல. எதுக்குப் பயப்படறோம்னு தெரியாது, பயப்படறோம்னே தெரியாது. சும்மா கொட்டாவி வரும், அவ்வளவுதான்."

அவள் அவரை நம்பவில்லை, நம்ப விரும்பவில்லை. மேடையில் ஏறினாள். எதிரே வரிசை வரிசையாக இளம் முகங்கள். எல்லாவற்றிலும் வாஞ்சை. வழக்கமான சொற்பொழிவை அவள் பேசவில்லை. பையிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்து உயர்த்திப் பிடித்தாள்.

"இது எங்க வீட்டுச் சட்டி. இதுல ஒரு பேரை அழிச்சு வச்சிருந்தாங்க. அதைத் திரும்ப எடுத்திருக்கேன். வாசிக்கிறேன். வெண்ணிலா."

அவ்வளவுதான் சொன்னாள். அவர்கள் கேட்கட்டும் என்று சட்டியை முதல் வரிசையில் கொடுத்தாள்.

முதல் பையன் வாங்கினான். பெயரைப் பார்த்தான். அவன் நெற்றி லேசாகச் சுருங்கியது. தாமரைச்செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கேளுடா, கேட்டுவிடு. அவன் வாய்மேல் கை வைத்து ஒரு கொட்டாவியை மறைத்தான். பிறகு சட்டியைக் கவிழ்த்தான். மயில் முத்திரை கண்ணில் பட்டதும் முகம் மலர்ந்தது. அடுத்தவளிடம் கொடுத்தான். அவளும் பெயரைப் பார்த்தாள், கவிழ்த்தாள், மலர்ந்தாள். அதற்கடுத்தவன். அதற்கும் அடுத்தவள். சட்டி வரிசை வரிசையாகக் கைமாறிக்கொண்டே போனது, ஒவ்வொரு கையிலும் கவிழ்ந்தது.

முதல் பையன் கையை உயர்த்தினான். "மேடம், இது எந்த ஊர்ப் பட்டறை?"

கூடமெங்கும் ஆவலோடு தலைகள் நிமிர்ந்தன. எல்லாருக்கும் அதே கேள்விதான். மேடை ஓரத்தில் நின்ற இளம்பரிதியின் முகம் இளகியது, தோள்கள் இறங்கின. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தாமரைச்செல்வி இதற்கு முன் ஒரே ஒரு முகத்தில்தான் பார்த்திருந்தாள்.

கும்பகோணம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் எல்லாருக்கும் நிம்மதி. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சட்டி கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஓர் ஓரத்தில் சுடலைவடிவு உட்கார்ந்திருந்தாள். காதுக்குப் பின்னால் எதுவும் நடப்படாத மனுஷி. படிக்கத் தெரியாது என்பதால் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவினாள். தடவிக்கொண்டே எழுந்தாள்.

"ஏம்மா, யாரு அந்தப் புள்ள? என்ன ஆச்சு அதுக்கு?"

அந்தக் கேள்விக்காகத் தாமரைச்செல்வி தன் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அது தன் வாயிலிருந்து வரவில்லையே என்ற வெட்கமும் கூடவே வந்தது.

"எங்க அக்கா" என்றாள் தாமரைச்செல்வி. அந்தச் சொல்லை அவள் வாய் சொல்லி அறுபது வருடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. "எங்கப்பா கொன்னுட்டாரு."

சுடலைவடிவு சட்டியை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். கூடத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள். அதைப் பார்த்து இன்னொருவர், பிறகு இன்னொருவர். முதல் வரிசைப் பையன் மரியாதையாக, பொறுமையாக, உயர்த்திய கையை இறக்காமலே உட்கார்ந்திருந்தான். அவன் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.